எதிராளியின் கண்

ரெண்டு இருபத்தொண்ணுக்குப் பார்த்ததுதான். அதுக்கப்புறம் அந்தப் புறாவைக் காணோம். நோட்டுல எழுதி வச்சிருக்கேன், ரெண்டு இருபத்தொண்ணு, தெக்குப் பக்கம், நல்ல உயரம், கீழே என் கையெழுத்து, சோணைமுத்து, நடுவர். இப்ப மணி ரெண்டு நாப்பத்தெட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நடுவர் கண்ணுல புறா படணும், அதுவும் வெறுங்கண்ணுல, பைனாகுலர் கூடாது. மூணு இருபத்தொண்ணு தாண்டுச்சுன்னா அவுட்டு. அப்புறம் அது பொழுது சாயிற வரைக்கும் பறந்தாலும் சரி, சுத்திச் சுத்திக் கர்ணம் போட்டாலும் சரி, கணக்குல கிடையாது. கண்ணுல படாத நேரத்துல எங்கயாவது செல்போன் டவர்ல உட்கார்ந்து இளைப்பாறிட்டு மறுபடி கிளம்பியிருக்கலாம்ல, யாரு கண்டா. ஆனா மூணு இருபத்தொண்ணுக்குள்ள பட்டுச்சுன்னா வேற கதை. காலையில ஆறு மணிக்கு விட்ட கருவால் புறா இது. மூணு நாப்பத்திரண்டைத் தாண்டிருச்சுன்னா ஒம்பது மணி நேரம் நாப்பத்திரண்டு நிமிஷத்தைத் தாண்டிரும். அந்த ஒம்பது நாப்பத்திரண்டு என்னோடது. வைகை வடகரைப் புறா மன்றத்துல, சைக்கிள் கடைக்குப் பின்னாடி இருக்கிற அறையில, பச்சைப் பலகையில வெள்ளைப் பெயிண்ட்ல எட்டு வருஷமா இருக்கு, டெய்லர் சோணைமுத்து, செவலைப் பொட்டை, ஒம்பது நாப்பத்திரண்டுன்னு. அதை அழிக்கப் பாக்கிற புறாவுக்கு நான்தான் நடுவர். அந்தப் புறாக்காரன் ஞானராஜ் வீட்டு மொட்டை மாடியில, அவன் போட்ட பிளாஸ்டிக் சேர்ல, காலையில இருந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கழுத்து கழண்டு விழப் போகுது.

இது என்ன கூத்துன்னு கேக்கலாம். எதிராளிதான் நடுவரா வரணும்கிறது எங்க மன்றத்து வழக்கம். கூட்டாளியை உட்கார வச்சா பொய் சொல்லுவான், பாக்காததைப் பார்த்தேம்பான். உன்னைக் கண்டாலே ஆகாதவன் வந்து உட்கார்ந்து அவன் வாயால ஆமா பறக்குதுன்னு சொன்னா அதுக்கு மேல சாட்சி என்ன வேணும். அதனால நடுவர் எழுதினதை எவனும் கேள்வி கேக்கிறதில்ல. எதிராளி எழுதினா எழுதினதுதான். இந்த வழக்கத்தைக் கண்டுபிடிச்ச மகாராசன் எவனோ, மனுசங்களை நல்லாப் புரிஞ்சுவச்சிருக்கான்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு வழக்கமும் உண்டு, நடுவர் புறாக்காரன் வீட்டுல பச்சத்தண்ணி தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. முன்னால ஒருத்தன் நடுவருக்கு மட்டன் பிரியாணியும் பாயாசமும் போட்டு மத்தியானம் தூங்க வச்சுட்டான். எந்திரிச்சவன் கூச்சப்பட்டுக்கிட்டு மூணு மணி நேரத்தையும் குத்துமதிப்பா எழுதிக் குடுத்துட்டான். அதுல இருந்து சோத்துக்குத் தடை. இந்த ஞானராஜ் பொண்டாட்டி எஸ்தருக்கு மட்டும் அது மண்டையில ஏறவே மாட்டேங்குது. காலையில இட்லி கொண்டு வந்துச்சு, பதினோரு மணிக்குத் தர்ப்பூசணி, இப்ப சொம்புல மோர். "ஒரு வாய் குடிங்கண்ணே, வெயில் மண்டையப் பொளக்குது." "வேணாம்மா, ரூல்ஸ்." "மோருல என்னண்ணே ரூல்ஸ்?" நல்ல பொம்பள. அதுதான் எரிச்சலா இருக்கு. மோசமான வீடா இருந்தா உட்கார்ந்திருக்கிறது சுலபம். என் பொண்டாட்டி பேச்சி கட்டிக் குடுத்த தக்காளிச் சோறு சூட்டுல நொந்து போச்சு, பாதியைக் காக்காய்க்குப் போட்டுட்டேன். காக்கா வந்து சத்தம் போட்டதுக்கு ஞானராஜ் என்னை ஒரு முறை முறைச்சான், அவன் புறாவை நான் வேணும்னே மிரட்டுறேனாம். முறைடா, நல்லா முறை.

அந்தா நிக்கிறான் பாரு, தண்ணி டேங்க் மேல ஏறி, கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் நெத்தியில வச்சுக்கிட்டு. வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். நெருப்பைப் பார்த்துப் பார்த்துப் பாழான கண்ணு, அதை வச்சுக்கிட்டு வானத்துல தேடுறான். இன்னைக்குப் பட்டறையைப் பூட்டிட்டான். நானும் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன், கல்யாண சீசன், ஏழு ஜாக்கெட் கிடக்கு, ஒருத்தி நாளைக்கு முகூர்த்தம்னு சொல்லிட்டுப் போயிருக்கா, அவ அம்மா கடை வாசல்ல நின்னு இந்நேரம் என் ஏழு தலைமுறையையும் திட்டிக்கிட்டு இருப்பா. எதுக்கு? ஒரு கப்பு, தகரத்துல தங்கக் கலர் அடிச்சது. ஒரு துண்டு. பலகையில ஒரு வரி. வர்றவனுக்குப் பஸ் காசு கூடக் குடுக்க மாட்டாங்க. பேச்சி இந்தக் கேள்வியைக் கல்யாணம் ஆன அஞ்சாம் நாள் கேட்டா, இன்னைக்குக் காலையில தூக்குவாளியை மூடும்போதும் கேட்டா. "யாரு உன்னைக் கூப்பிட்டா? இதுல உனக்கு என்ன கிடைக்குது? புள்ளத்தாச்சியா இருந்தப்ப எனக்கு ஒரு கை பாதாம் வாங்கிக் குடுத்திருப்பியா நீ? புறாவுக்குப் பாதாமை நெய்யில உருட்டிக் குடுக்கிற." அது உண்மைதான், நான் என்ன சொல்றது. நாலு மணிக்கு எந்திரிச்சு எச்சம் வழிச்சிருக்கேன். காய்ச்சலோட மழையில நின்னு கூண்டுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கேன். எந்த முதலாளிக்கும் அப்படி உழைச்சதில்ல, எந்த ஜாக்கெட்டுக்கும் அப்படி முழிச்சதில்ல. கேட்டா எல்லாவனும் ஒரு பதிலை வச்சிருக்கான், மனசுக்கு ஒரு சந்தோஷம்ணே, ஒரு ரிலாக்ஸ். பொய். சந்தோஷப்படுறவன் மூஞ்சியா அது, டேங்க் மேல நிக்கிறானே, அந்த மூஞ்சி? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவன் மூஞ்சி. எங்க தெருவுல ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, தீப்பெட்டி அட்டை சேர்க்கிறாரு. பதினோராயிரம் அட்டை. பதினோராயிரத்து ஒண்ணாவது அட்டைக்காகச் சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போயி வெயில்ல மயங்கி விழுந்தாரு. சந்தோஷமாம்ல, சந்தோஷம்.

எனக்குத் தெரியும் எதுக்குன்னு. நான் சொல்ல மாட்டேன், சொன்னா சிரிப்பாங்க. ஜாக்கெட் தைக்கிறேன், அளவு யாரோடதோ, துணி யாரோடதோ, மாடல் ஏதோ டிவியில வந்தது, கை சரியில்லன்னா பிரிச்சுத் தைக்கச் சொல்லுவா, பிரிச்சுத் தைப்பேன், எனக்கு ஒண்ணும் வலிக்காது. கூலி வாங்கிட்டா பாதி அவங்களோடது ஆயிருது, நல்லா வந்தாலும் அவங்க துணி நல்ல துணி, கெட்டுப் போனாலும் அந்தக் கூலிக்கு அம்புட்டுத்தான். வீடு எங்க அப்பன் கட்டினது. பேச்சியைப் பார்த்தது எங்க அத்தை. மகளுக்குப் பேரு வச்சது மாமனாரு. இந்தப் புறா ஒண்ணுதான் எவனும் சொல்லாம, எவனும் கேக்காம, எவனும் குடுக்காம நானே செஞ்சது. ஜெயிச்சா நான் ஜெயிச்சேன், தோத்தா நான் தோத்தேன், நடுவுல ஒருத்தனும் கிடையாது. கூலி இல்லாததுனாலதான் அது முழுசா என்னோடது. அம்பத்துமூணு வயசுல எனக்குன்னு இருக்கிறது ஒம்பது மணி நேரம் நாப்பத்திரண்டு நிமிஷம், அவ்வளவுதான் என் சொத்து. அதுலயும் ஒரு ஓட்டையைப் போட்டு வச்சிருக்கான் இந்த ஞானராஜ்.

மணி ரெண்டு அம்பத்தொம்பது. வானம் வெளுத்துப் போயி கிடக்கு, ஒரு மேகம் இல்ல, மேகம் இருந்தாலாவது அதுல புள்ளி தெரியும். வெறும் வெள்ளையில கண்ணு வழுக்கிக்கிட்டே போகுது. டேங்க்ல இருந்து குதிச்சு இறங்கிட்டான், கிழக்கால போறான், கைப்பிடிச் சுவத்துல ஏறி நிக்கிறான். "வல்லூறு ஏதும் அடிச்சிருக்குமோண்ணே?" என்கிட்டக் கேக்கிறான். என்கிட்ட! "எனக்கு எப்படித் தெரியும்?" "இல்ல, மத்தியானம் ஒண்ணு சுத்துச்சுல்ல." "சுத்துச்சு." அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன். அண்ணேங்கிறான், வெக்கம் இல்லாம. முன்னால ஒரு தடவை என் வெள்ளைச் சேவல் புறா வழி தவறி இவன் கூண்டுல இறங்குச்சு, போய்க் கேட்டேன், வாசல்ல நின்னு கேட்டேன், கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டேன்னே வச்சுக்குங்க. "என் கூண்டுல இறங்கினா என் புறாண்ணே, மன்றத்து வழக்கம்தான" அப்படின்னான், என் கண்ணு முன்னாடியே அது ரெக்கையைக் கத்தரிச்சான், மறுபடி பறந்து என்கிட்ட வந்திரக் கூடாதாம். கத்தரி சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. டெய்லருக்குக் கத்தரி சத்தம் தெரியாதா, நல்ல கத்தரி, சாணை பிடிச்சது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், செத்தாலும் இவன் வீட்டு எழவுக்குப் போகக் கூடாதுன்னு. அதனாலதான் மன்றத்துல எனக்கு நடுவரா இவனைப் போட்டாங்க. ஊருக்கே தெரியும், எங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு. இவனை விட்டா நல்ல நடுவர் கிடைக்குமா?

எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மே மாசம், என் வீட்டு மாடி, இதே மாதிரி ஒரு சேரு, அதுல இவன். என் செவலையைக் காலையில ஆறு பத்துக்கு விட்டேன். ஒண்ணு அஞ்சுக்குக் கடைசியாப் பார்த்தோம். அப்புறம் காணோம். ரெண்டு அஞ்சு வரைக்கும் கெடு. அன்னைக்கு நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும், இன்னைக்கு இவன் ஓடுறானே, அதே ஓட்டம், அதே சுவரு சுவரா ஏறுறது, அதே வாய் வறட்சி. அப்ப என் கண்ணு கண்ணா இருந்துச்சு, கழுகுக் கண்ணுன்னு பட்டப்பேரே உண்டு. அந்தக் கண்ணுக்குத் தெரியல. நாலு திசையும் துழாவிட்டேன், இல்ல. ரெண்டு மூணு. இன்னும் ரெண்டு நிமிஷம். நான் முடிஞ்சுதுன்னு சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டேன். அப்ப இவன் சேர்ல உட்கார்ந்தபடியே, கழுத்தைக் கூட அசைக்காம, ஒத்த விரலை நீட்டி, "அந்தா" அப்படின்னான். பதறிப்போயி எந்திரிச்சுப் பார்த்தேன். விரல் வடக்க நீண்டிருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. வெறும் வானம். எங்கப்பா, எங்கன்னு கேக்கிறேன். "போயிருச்சுண்ணே, ரெண்டு மூணு, வடக்கு, எழுதிட்டேன்" அப்படின்னு நோட்டை மூடிட்டான். மூணு அம்பத்திரண்டுக்குச் செவலை வந்து என் கையிலேயே இறங்குச்சு. ஒம்பது நாப்பத்திரண்டு. மேளம் அடிச்சாங்க. கப்பைக் குடுத்தாங்க. நான் கூட்டத்துக்கு நடுவுல இவனைத் தனியா இழுத்துட்டுப் போயி, "நெசமாவே பார்த்தியா?" அப்படின்னு கேட்டேன். இவன் சிரிச்சான். பதில் சொல்லல, சிரிச்சான். அந்தச் சிரிப்பை எட்டு வருஷமா மென்னுக்கிட்டு இருக்கேன்.

மணி மூணு ஆறு. எதுக்குச் சிரிச்சான்? பார்த்திருந்தா பார்த்தேண்ணேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான, வாய்ல என்ன கொழுக்கட்டையா? பாக்காமச் சொல்லியிருந்தா எதுக்குச் சொன்னான்? என் மேல பாசமா? ரெக்கையைக் கத்தரிச்ச பயலுக்கா? இல்ல, பாசம் கிடையாது. யோசிச்சு யோசிச்சு நாலாவது வருஷம் கண்டுபிடிச்சேன். பிச்சை போட்டிருக்கான். உன் பேரு பலகையில இருக்கிற வரைக்கும் அதை எழுதினது என் கை, நான் போட்டதைத்தான் நீ தின்னுக்கிட்டு இருக்க, அதுவும் உனக்குத் தெரியணும் ஆனா உறுதியாத் தெரியக் கூடாது. என்ன ஒரு மூளை. கொல்றதை விட மோசம். பலகையைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும், ஊரு பாராட்டுறப்ப எச்சில் கசக்கும். புதுசா வர்ற பயலுக எல்லாம் "ஒம்பது நாப்பத்திரண்டு அண்ணே நீங்கதான?"ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்குவானுங்க, எனக்கு அந்தக் கையை உதறிட்டு ஓடணும் போல இருக்கும். என் கணக்கை நானே முறியடிச்சுட்டா இந்தச் சனியன் ஒழியும்னு ஒவ்வொரு வருஷமும் விட்டேன். ஏழு, எட்டு, ஒரு தடவை ஒம்பது பத்து. செவலையும் ரெண்டாம் வருஷம் போனது போனதுதான், வரல. அதுகிட்டக் கேக்க முடிஞ்சிருந்தா கேட்டிருப்பேன். நீ அன்னைக்கு வடக்க இருந்தியாடின்னு.

இன்னொரு விஷயம் இருக்கு, அதை நான் யார்கிட்டயும் சொல்லல, பேச்சியைத் தவிர. என் கண்ணுல பூச்சி விழுந்திருச்சு. வலது கண்ணுல, போன தீபாவளிக்கு அப்புறம், ஒரு கறுப்புப் புள்ளி மிதக்குது, கொசு கணக்கா. கண் டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "வயசானா வர்றதுதான், ஒண்ணும் பண்ணாது, பழகிக்குங்க" அப்படின்னுச்சு. பழகிக்கிட்டேன். ஊசியில நூல் கோர்க்க முடியல, காலையிலேயே பேச்சி பத்து ஊசியில கோர்த்து ஊசி குத்துற பஞ்சுல குத்தி வச்சிருவா, வெளியில தெரியாது. ஆனா வானத்தைப் பாக்கிறவனுக்குக் கண்ணுக்குள்ள கறுப்புப் புள்ளி இருந்தா என்ன அர்த்தம்? உசரத்துல பறக்கிற புறாவும் ஒரு கறுப்புப் புள்ளிதான். நானே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். புள்ளி தெரிஞ்சா உடனே கண்ணை லேசா இடது பக்கம் திருப்பணும். கூடவே வந்துச்சுன்னா அது கண்ணுல இருக்கிற பூச்சி. அங்கேயே நின்னுச்சுன்னா புறா. காலையில இருந்து ஒம்பது தடவை எழுதியிருக்கேன், ஒம்பது தடவையும் கண்ணைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் எழுதினேன். எதிராளியா இருந்தாலும் தொழில்ல சுத்தம். தொழில்னு சொல்றேன் பாரு, கூலி இல்லாத தொழில்.

மூணு பதிமூணு. ஞானராஜ் ஓட்டம் நின்னு போச்சு. சுவத்துல சாஞ்சு குந்திட்டான், முழங்கால்ல தாடையை வச்சுக்கிட்டு. எஸ்தர் படிக்கட்டு வாசல்ல நிக்கிறா, உள்ள வரல, புருஷன் மூஞ்சியைப் பார்த்துட்டு மெதுவா வந்த வழியே இறங்கிப் போறா. நல்லா இருக்கு எனக்கு. ஏன் பொய் சொல்லணும், நல்லா இருக்கு. இன்னும் எட்டு நிமிஷம் இந்தச் சேர்ல அசையாம உட்கார்ந்திருந்தா போதும், என் ஒம்பது நாப்பத்திரண்டு பத்திரம். பத்திரம்னா என்ன? இவன் போட்ட பிச்சை பத்திரம். இன்னும் பத்து வருஷத்துக்கு அந்தப் பலகை, அந்தச் சிரிப்பு. நான் இவனைத் தோக்கடிச்சா கூட இவன் குடுத்ததைத்தான் காப்பாத்திக்கிட்டு வீட்டுக்குப் போறேன். எப்படிப் பார்த்தாலும் இவன்தான் ஜெயிக்கிறான். "அண்ணே" அப்படிங்கிறான், தலையைத் தூக்காமலே. "இந்தக் கருவாலை நான் பொரிச்சதுல இருந்து கையிலேயே வச்சு வளத்தேண்ணே. தாய் தூக்கிப் போட்டுருச்சு. வாயில மென்னு ஊட்டினேன்." எனக்கு எதுக்குச் சொல்ற இதை? நானும் தான் ஊட்டினேன். எல்லாக் கிறுக்கனும் தான் ஊட்டுறான். அழுதுருவான் போல இருக்கு, நாப்பத்தெட்டு வயசு ஆம்பள. பட்டறையில விரல் வெந்தப்பக் கூட அழாதவன்னு சொல்லுவாங்க. அப்ப எனக்கு அது தோணுச்சு. சட்டுன்னு, ஊசி குத்தின கணக்கா. இவன் எனக்குச் செஞ்சதை நான் இவனுக்குத் திருப்பிச் செஞ்சா?

மூணு பதினேழு. செஞ்சா என்ன ஆகும்? பலகையில இவன் பேரு வரும். வரட்டும். எழுதினது என் கை. ராத்திரி படுத்தா தூக்கம் வராது, அந்த டெய்லர் நெசமாவே பார்த்தானா பார்த்தானான்னு மண்டைக்குள்ள கத்தரி வெட்டும். தாய் தூக்கிப் போட்டதை மென்னு ஊட்டி வளத்தாருல்ல, அந்தக் கருவால் இவருக்குச் சம்பாதிச்சுக் குடுத்ததா, இல்ல நான் போட்டதான்னு தெரியாமச் சாகட்டும். தெக்க பாக்கிறேன். ஒண்ணும் இல்ல. மேக்க. ஒண்ணும் இல்ல. மூணு பத்தொம்பது. தெக்குமேக்குல, டவருக்கு மேல, ரொம்ப உசரத்துல ஒரு புள்ளி. கறுப்பா, பொடியா. கருவாலா? பூச்சியா? கண்ணை இடது பக்கம் திருப்பினா தெரிஞ்சு போகும். ஒரு நொடி வேலை. திருப்பு. திருப்புடா சோணைமுத்து. காலையில இருந்து ஒம்பது தடவை திருப்பினவன்தான நீ. கழுத்து விறைச்சுப் போயி நிக்குது. நான் திருப்பல. கழுத்தைக் கூட அசைக்காம, சேர்ல உட்கார்ந்தபடியே, ஒத்த விரலை நீட்டி, "அந்தா" அப்படிங்கிறேன்.

துள்ளி எந்திரிக்கிறான். எங்கண்ணே, எங்க எங்கன்னு என் விரல் நுனியில கண்ணை வச்சுப் பாக்கிறான், டவருக்கு மேல பாக்கிறான், இன்னும் மேல பாக்கிறான். "தெரியலயேண்ணே." "போயிருச்சு. மூணு பத்தொம்பது, தெக்குமேக்கு, எழுதிட்டேன்." நோட்டை மூடிட்டேன். எவ்வளவு சுகமா இருந்துச்சுங்கிறீங்க. எட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூணு நாப்பத்திரண்டு ஆச்சு, என் ஒம்பது நாப்பத்திரண்டு செத்துப் போச்சு, ஒரு பொட்டுக் கண்ணீர் வரல எனக்கு. நாலு பத்துக்குக் கருவால் மொட்டை மாடிக்கு நேரா மேல தெரிஞ்சுச்சு, அது வெறும் புள்ளி இல்ல, ரெக்கை தெரியுது, வால் தெரியுது, மூணு சுத்துச் சுத்தி வந்து கூண்டு மேல இறங்கி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. ரெக்கையில காலையில நான் குத்தின முத்திரை அப்படியே இருக்கு. பத்து மணி நேரம் பத்து நிமிஷம். நோட்டுல கையெழுத்துப் போட்டேன், அவனும் போட்டான். புறாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான், கொஞ்சல, முத்தம் குடுக்கல. என்னையே பாக்கிறான். நான் செருப்பை மாட்டிக்கிட்டுப் படிக்கட்டுக்கு வந்துட்டேன். வருது, கேள்வி வருதுன்னு எனக்குத் தெரியும். வந்துச்சு. "அண்ணே. நெசமாவே பார்த்தீங்களா?"

சிரிச்சுட்டு இறங்கிப் போயிருக்கணும். அதுதான என் திட்டம். வாய் சும்மா இருந்தாத்தான. எட்டு வருஷம் மென்னதை ஒரு தடவையாவது துப்பணும்ல. "நீ அன்னைக்கு எனக்குச் செஞ்சதைத்தான் நான் இன்னைக்கு உனக்குச் செஞ்சேன். கணக்கு சரியாப் போச்சு" அப்படின்னேன். அவன் முழிக்கிறான். "நான் என்னண்ணே செஞ்சேன்?" "நடிக்காத. செவலை. ரெண்டு மூணு. வடக்க." புறாவை மார்போட அணைச்சுக்கிட்டு நெத்தியைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறான், நெசமாவே புரியாத மூஞ்சி. "அன்னைக்கு நான் பார்த்தேண்ணே" அப்படிங்கிறான். "ரைஸ்மில் புகைபோக்கிக்கு நேர் மேல. இடது ரெக்கையில ஒரு இறகு கொட்டியிருந்துச்சு உங்க செவலைக்கு, அந்த இடைவெளி கூடத் தெரிஞ்சுச்சு. எனக்கு எரிச்சல். பாக்காம இருந்திருக்கலாமேன்னு இருந்துச்சு. பார்த்துத் தொலைச்சுட்டேன், எழுதித்தான ஆகணும். அதை வந்து பார்த்தியான்னு கேக்கிறீங்க, நான் உங்களுக்குப் போயி பொய் சொல்லுவேனா, அதான் சிரிச்சேன்." ஒரு இறகு கொட்டியிருந்துச்சு. இடது ரெக்கையில. சாயங்காலம் கையில இறங்கினப்ப நான் மட்டும் பார்த்தேன் அதை, எவன்கிட்டயும் சொல்லல. என் ஒம்பது நாப்பத்திரண்டு. முழுசா என்னோடது. அரை மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் என்னோடதா இருந்துச்சு.

அவனுக்கு அப்பத்தான் உறைக்குது. மூஞ்சி மாறுறதைப் பாக்கிறேன். "அப்ப இன்னைக்கு நீங்க..." அப்படின்னு ஆரம்பிச்சவன் முடிக்கல. புறாவைக் கூண்டுல விட்டுட்டு வந்து நோட்டை என் முன்னால நீட்டுறான், மேல பேனா. "அடிச்சிருங்கண்ணே. மூணு பத்தொம்பதை அடிச்சிருங்க. எனக்கு வேணாம் இது." ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டைப் போட்டா என் பேரு பலகையில அப்படியே நிக்கும், இந்தத் தடவை நெசமாவே இவன் குடுத்ததா நிக்கும். "எழுதினது எழுதினதுதான்" அப்படிங்கிறேன். "அண்ணே, பார்த்தேன்னு சொல்லுங்க, இல்ல பாக்கலன்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." சொல்ல மாட்டேன்னு இல்லடா. தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு. படியில இறங்குறேன், பின்னாடியே நோட்டோட வர்றான், அண்ணே அண்ணேன்னு. எஸ்தர் கீழே அதே மோர்ச் சொம்போட நிக்கிறா, "இப்பவாவது குடிங்கண்ணே, எல்லாம் முடிஞ்சதுல்ல." முடிஞ்சதும்மா. வாங்கிக் குடிச்சுட்டுச் சொம்பைத் திருப்பிக் குடுக்கிறேன். தெருவுக்கு வந்து நின்னு அண்ணாந்து பாக்கிறேன். அங்க ஒரு புள்ளி நிக்குது, கறுப்பா, பொடியா. கண்ணை இடது பக்கம் திருப்புறேன். கூடவே வருது.